குளோரின் கேனை நான் கவிழ்த்தது ஏன்

1994ஆம் ஆண்டு மே 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. கொட்டகைச் சுவரில் தொங்கிய வெப்பமானி நாற்பத்தொன்றைக் காட்டியது. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. வெயிலை விடுங்கள், காற்று இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குளோரின் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். காற்று அடிக்காத நாளில் அது மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தங்கும். எங்கள் பண்ணையில் பள்ளமான இடம் பச்சை வலைக் கூடாரம். அதற்குள் ஒன்பது பெண்கள் உட்கார்ந்து நாற்றுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில், முப்பத்தைந்து லிட்டர் குளோரின் கரைசல் இருந்த ஒரு கேனை நான் காலால் தள்ளிக் கவிழ்த்தேன். கால் இடறவில்லை. வேண்டுமென்றே கவிழ்த்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம், சேலையூரிலும் மேடவாக்கத்திலும் மொட்டைமாடியில் மண்ணில்லாமல் கீரை வளர்க்கும் பிள்ளைகள். இந்த மாதத்தில் மட்டும் பதினான்கு பேர் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சார், ஆயிரம் லிட்டர் தொட்டிக்குக் குளோரின் எத்தனை மில்லி?" அளவைச் சொல்லிவிடலாம். தொட்டியைக் காலி செய்து கிருமி நீக்க வேண்டுமென்றால், பத்து சதவீதக் கரைசல் ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர். ஆனால் எதிலிருந்து எடுத்து எதில் ஊற்றப் போகிறோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதினான்கு பேரில் ஒருவர்கூட. இரவு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேதியியல் பட்டம் பெற்றவன். தாம்பரத்தில் படித்தேன், பல்லாவரத்தில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது எனக்கு நாற்பத்தொரு வயது, இரண்டு பெண் குழந்தைகள். முடிச்சூரைத் தாண்டி, மண்ணிவாக்கம் போகும் வழியில், மண்ணே இல்லாமல் தண்ணீரில் லெட்டூஸ் கீரை வளர்க்கும் பண்ணை ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், நட்சத்திர ஓட்டல்களுக்கு அனுப்புகிறார்கள், தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஒரு கெமிஸ்ட் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அது 1990.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐயாயிரம் லிட்டர் தொட்டிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் உரச்சத்து கலந்த தண்ணீர். பம்பு அதை மேலே தள்ளும். சாய்வான குழாய்களின் வழியே செடிகளின் வேரை நனைத்துக்கொண்டு அது மீண்டும் தொட்டிக்கே வந்து சேரும். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால் ஒரு செடிக்கு வந்த நோய் மதியத்துக்குள் எல்லாச் செடிக்கும் வந்துவிடும். வேரழுகல் வந்தால் வெள்ளை வேர் பழுப்பாகி, கையால் தொட்டால் உறை கழன்று வரும். அதைத் தடுக்கத்தான் குளோரின். புதிதாக வரும் தண்ணீருக்குக் கொஞ்சம், காலித் தொட்டியையும் குழாய்களையும் கழுவ நிறைய.

பண்ணையின் மேலாளர் நிர்மலா மேடம். வேளாண்மையில் முதுகலை, என்னைவிட எட்டு வயது இளையவர். திருநீர்மலையிலிருந்து மொபெட்டில் வருவார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அவ்வளவுதான். கடிகாரம் மேசைக்கு வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் வேறு வேலை தேடி நழுவிவிடுவோம்.

அவர் வைத்திருந்த நடைமுறைகள் மூன்று. முதலாவது, அமிலம் ஒரு கோடியில், குளோரின் மறுகோடியில். தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்க எங்களுக்கு அமிலம் தினமும் தேவை, குளோரினும் தேவை. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. அதனால் இரண்டு கொட்டகைக்கும் நடுவே நாற்பத்திரண்டு தப்படி. நான் நடந்து அளந்தது. அமிலத்துக்குச் சிவப்பு மக், குளோரினுக்கு வெள்ளை மக். மாற்றி எடுத்தால் அந்த மக்கையே குப்பையில் போடச் சொல்வார். இரண்டாவது, குளோரின் போட்ட புதுத் தண்ணீரில் குளோரின் முழுக்கப் போய்விட்டதா என்று சோதித்த பிறகே உரம். சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் இருக்கும்வரை உரத்தைத் தொடக் கூடாது. உரத்திலிருக்கும் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்துவிட்டால், பிறகு அது எளிதில் போகாது, வேரைச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் எல்லோரும் சிரித்த நடைமுறை. எதை எதில் ஊற்றினாலும், ஊற்றுகிறவர் உரக்கச் சொல்ல வேண்டும்: கையில் இன்னது, பாத்திரத்தில் இன்னது. பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் தன் கண்ணால் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் ஊற்றக் கூடாது.

முதல் வாரம் எனக்கு அவமானமாக இருந்தது. பதினோரு வருடம் சோதனைக்கூடத்தில் கந்தக அமிலத்தோடு குடும்பம் நடத்தியவன், ஒரு பக்கெட் முன்னால் நின்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பதா?

"மேடம், எனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும் சார். பக்கெட்டுக்குத் தெரியாது. சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். என் பக்கத்தில் நின்று திருப்பிச் சொன்னவர் கன்னியம்மாள். பண்ணை இருந்த நிலமே அவர்கள் குடும்பத்து நிலம்தான். வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள், நல்ல விலை வந்ததும் விற்றுவிட்டார்கள். அவருடைய மகன்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்டுக் கடை வைத்திருந்தார்கள். கூலிக்கு வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால், "எங்க நெலத்துல மண்ணே இல்லாம இன்னாத்த வெளைய வெக்கிறாங்கன்னு பாக்க வந்தேன் சார். நாலு வருசமா பாத்துகினே கீறேன், இன்னும் நம்பிக்கை வரல" என்பார்.

ஒப்பிக்கும் வழக்கத்துக்கு அவர்தான் பெயர் வைத்தார்: மந்திரம். "சார், வாங்க, ஐயரு இல்லாத கல்யாணம், மந்திரம் சொல்லலாம்." பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கொட்டகையே அதிர, "கையில குளோரின்! தொட்டியில வெறும் தண்ணி!" நான் எட்டிப் பார்த்துவிட்டு, "கையில் குளோரின், தொட்டியில் வெறும் தண்ணீர்" என்பேன். அதன் பிறகு ஊற்றுவார். நான்கு வருடத்தில் இது எத்தனை ஆயிரம் முறை நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன், இங்கே வேண்டாம்.

மேடத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள ஒரு சம்பவம் போதும். 1992 கோடையில் கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்கினோம். ஒரு நாள் வழக்கமான அளவு குளோரின் போட்டு அரைமணி கழித்துச் சோதித்தால் நிறமே வரவில்லை. இன்னும் ஒரு மக் போடலாமா என்று கேட்டேன். மேடம் கடிகாரத்தைக் கழற்றினார்.

"குளோரினை எது சாப்பிட்டுச்சுன்னு தெரியாம மறுபடி சாப்பாடு போடுவீங்களா?"

லாரிக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தோம். "கிணத்துத் தண்ணிதான் மேடம்" என்றவர், கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "கிணத்துல இல்லேன்னா பக்கத்துல ஒரு குட்டை கீது, எருமை குளிக்கும்" என்றார். அந்தத் தண்ணீர் முழுவதையும் சாலையோரத் தென்னைகளுக்குத் திறந்துவிட்டோம். அளவைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைக் கேள் என்பதை அன்று கற்றேன்.

இனி 94ஆம் வருடம். மே இரண்டாம் வாரம் இரண்டாம் தொட்டியின் செடிகளில் வேரழுகல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தொட்டியைக் காலி செய்து, குழாய்களோடு சேர்த்துக் குளோரினால் கழுவுவது என்று முடிவு. மற்ற இரண்டு தொட்டிகளுக்கும் நோய் தாவுவதற்கு முன் முடித்தாக வேண்டும். வியாழக்கிழமை ஓட்டலுக்குப் பெரிய சரக்கு போக வேண்டியிருந்தது. அதில் பாதிதான் கிடைக்கும் என்று நேரில் சொல்ல மேடம் காலையிலேயே நகரத்துக்குப் போய்விட்டார். பொறுப்பில் இருந்தவர் முதலாளியின் மருமகன் மோகன். முப்பது வயது, நல்ல பையன், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. மாமனாரிடம் பேர் வாங்க வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது.

குளோரின் எங்களுக்கு டிரைசைக்கிளில் வரும். கொண்டுவருகிறவர் தனபால். அந்த வியாபாரத்தில் ஒரு வழக்கம்: சரக்கு நம்முடையது, கேன் அவர்களுடையது. ஊற்றிக்கொண்டு காலிக் கேனை அப்போதே கொடுத்துவிட வேண்டும். எங்கள் சேமிப்பு ட்ரம் வெயிலில் விரிசல் விட்டுப் போயிருந்தது. அதற்குப் பதிலாக முந்தின வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், தன் கைக்காசில், ஒரு நீல ட்ரம் வாங்கி வந்திருந்தார் மோகன். பளபளவென்று இருந்தது. மேல் மூடி திறக்க முடியாத வகை. உச்சியில் இரண்டங்குல வாய் மட்டும். உள்ளே கண்ணால் பார்க்க வழியில்லை.

பல்லாவரம் சந்தைக்கு அந்த ட்ரம்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும். நானே தொழிற்சாலையில் அவற்றைக் காலி என்று எழுதி வெளியே அனுப்பியவன். மூக்கை ட்ரம் வாயருகே கொண்டுபோகாமல், கையால் காற்றை வீசி முகர்ந்தேன். சிவப்பெறும்பை நசுக்கினால் வருமே, அந்த நெடி. ஃபார்மிக் அமிலம். தோல் பதனிட வண்டி வண்டியாக வாங்குவோம்.

"மோகன் சார், இது ஆசிட் ட்ரம். இதில் குளோரின் ஊற்ற முடியாது."

"கழுவித்தான் சார் கொடுத்தான். பாருங்க எப்படி மின்னுது."

"வெளியே மின்னுகிறது. உள்ளே கழுவினார்களா?"

"காலி ட்ரம் சார். தலைகீழா கவுத்தே காட்டினான், ஒரு சொட்டு வரலை."

வராது. வாய் நடுவில் இல்லை, ஓரத்திலிருந்து நான்கு அங்குலம் தள்ளி இருக்கிறது. கவிழ்த்தால் விளிம்புக்குள் ஒன்று ஒன்றரை லிட்டர் தங்கிவிடும். அதைச் சொன்னேன். இரண்டாம் தொட்டியில் நேரே ஊற்றலாம் என்றால், பழைய உரத் தண்ணீர் இன்னும் வடிந்து முடியவில்லை; வாளிகளில் பிடித்து வைக்கலாம் என்றேன். எங்களிடம் இருந்தது இரண்டு வாளி, இரண்டிலும் உரக் கரைசல். கேனை ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று தனபாலைக் கேட்டேன்.

"அண்ணே, கேன் இல்லாம போனா மொதலாளி என்னையே கேன்ல அடைச்சுருவாரு. சீக்கிரம் ஊத்திக்கினு குடுங்க, பெருங்களத்தூர்ல ரெண்டு பார்ட்டி காத்துகினு கீறான்" என்றார் தனபால்.

மோகன் கடிகாரத்தைப் பார்த்தார். "கன்னியம்மா, புனலைப் போடுங்க."

கன்னியம்மாள் புனலை ட்ரம் வாயில் வைத்தார். இடுப்பில் கையை வைத்தார். வழக்கம்போல் குரலெடுத்து, "கையில குளோரின்! ட்ரம்மு காலி!" என்றார். என்னைப் பார்த்தார்.

நான் திருப்பிச் சொல்லவில்லை.

"சொல்லுங்க சார்" என்றார் மோகன்.

"நான் உள்ளே பார்க்கவில்லை. சொல்ல மாட்டேன்."

"சார், இது இன்னா கோயிலா? மந்திரம் சொல்லலேன்னா பூஜை நின்னுடுமா?" என்று தனபால் சிரித்தார்.

கன்னியம்மாள் சிரிக்கவில்லை. புனலிலிருந்து கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "சார் சொல்லாம நான் ஊத்த மாட்டேன் தம்பி. நாலு வருசப் பழக்கம். கை வராது."

மோகனின் முகம் சிவந்துவிட்டது. ஒரு கெமிஸ்டும் ஒரு கூலிக்காரம்மாவும் சேர்ந்து, டிரைசைக்கிள்காரர் முன்னால், தன் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். "நானே ஊத்துறேன்" என்று கேனைத் தூக்கினார். தனபால் அடிப்பக்கம் பிடித்துக்கொண்டார். ட்ரம்மின் உச்சி இடுப்புக்கு மேலே இருந்ததால் ஒரு மரப்பெட்டியின்மேல் கேனை வைத்து மூடியைத் திருகினார்கள்.

வலைக் கூடாரம் அங்கிருந்து பதினெட்டு தப்படி, பள்ளத்தில். உள்ளே ஒன்பது பேர். அதில் ஒருத்தி ஆறு மாத கர்ப்பிணி. கூடாரத்துக்கு ஒரே வாசல், அதுவும் எங்களை நோக்கி. எல்லோரையும் வெளியே ஓடச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஓடி வந்தால் வாயுவுக்குள்தான் வருவார்கள். மோகனின் கையைப் பிடிக்கலாமா? இழுபறியில் கேன் ட்ரம் பக்கம் சாய்ந்தால்? கேன் சாயத் தொடங்கியது. மரப்பெட்டியை என் செருப்புக் காலால் பலமாகத் தள்ளினேன், ட்ரம்முக்கு எதிர்ப்பக்கமாக.

கேன் மணலில் விழுந்தது. முப்பத்தைந்து லிட்டரும் கொட்டியது. என் பேண்ட் முழங்கால்வரை நனைந்தது. குழாயடிக்கு ஓடி, தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அமிலக் கொட்டகை நாற்பத்திரண்டு தப்படி தள்ளி இருந்ததால் மணலில் கொட்டியது மணலோடு போயிற்று. நீச்சல்குளம் மாதிரி ஒரு வாடை, அவ்வளவுதான்.

"பைத்தியமா சார் உங்களுக்கு?" என்று கத்தினார் மோகன்.

"எம்மா, கேன் ஒடையல" என்று முதலில் கேனைத் தூக்கிப் பார்த்தார் தனபால்.

மேடம் ஒன்றரை மணிக்கு வந்தார். அதற்குள் கடல்காற்று வந்துவிட்டிருந்தது. மோகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சொன்னதைக் கேட்டார். கடிகாரம் கையிலேயே இருந்தது. ட்ரம்மை வெட்டவெளிக்கு உருட்டச் சொன்னார். கையுறை போட்டு, வாய் கீழ்மூலைக்கு வரும்படி நானும் அவரும் பக்கவாட்டில் சாய்த்தோம். புளுக் புளுக்கென்று சிவப்பு மக் ஒன்றும் அடுத்ததில் பாதியும் வந்தது. நீல லிட்மஸ் தாளை நனைத்தார். தாள் சிவந்தது. அந்தத் தாளை மோகனிடம் கொடுத்தார்.

மோகன் அதை வாங்கிக்கொண்டு கூடாரத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, "கூடாரத்துல எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டார்.

"ஒம்பது பேரு தம்பி. இங்க நின்ன நம்ம நாலு பேரையும் சேத்தா பதிமூணு" என்றார் கன்னியம்மாள்.

மறுநாளிலிருந்து மோகனும் மந்திரம் சொன்னார். எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. அடுத்த குளோரின் வியாழக்கிழமைதான் வந்தது. கொட்டகையில் இருந்த பிளீச்சிங் பவுடர் கட்டிதட்டி வீரியம் இழந்திருந்தது. இரண்டு நாளில் வேரழுகல் மூன்றாம் தொட்டிக்கும் தாவி, ஆயிரத்து நூறு செடிகளைப் பிடுங்கிக் குழியில் போட்டோம். முதலாளிக்கு அறிக்கை போயாக வேண்டும். மேடம் என்னை உட்காரவைத்துச் சொன்னார்:

"கை தவறிக் கேன் விழுந்துடுச்சுன்னு எழுதுங்க சார். விபத்துன்னா யாருக்கும் சம்பளத்துல பிடித்தம் கிடையாது. நான் கையெழுத்துப் போடுறேன்."

"மேடம், நான் தள்ளினேன்."

"எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரிய வேண்டாம்."

என் சம்பளம் அப்போது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மூத்தவளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டிய வருடம். ஒரு இரவு யோசித்தேன். நான் பயந்தாங்கொள்ளி, அது எல்லோருக்கும் தெரியும். கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று முறை எழுந்து பார்க்கிறவன். ஆனால் கை தவறியது என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அடுத்த முறை யாராவது ஒருவர் திருப்பிச் சொல்ல மறுப்பார். அவர் கன்னியம்மாளாக இருக்கலாம். "முன்னே ஒருமுறை கேன் தானாக விழுந்தது, இப்போது நீ ஏன் நிறுத்துகிறாய்?" என்று கேட்பார்கள். நிறுத்தலாம், கவிழ்க்கக்கூடச் செய்யலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும். அது விபத்தாக இருக்கக் கூடாது.

"ட்ரம்மில் அமிலம் இருப்பதாக நம்பியதால், கேனை நானே தள்ளிக் கவிழ்த்தேன். மறுபடி அப்படி நேர்ந்தால் மறுபடியும் கவிழ்ப்பேன்" என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்தார். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் நழுவவில்லை. சற்று நேரத்தில் அதை எடுத்து மீண்டும் கட்டிக்கொண்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

முதலாளி பெரியவர், பேச்சைச் சுருக்குகிறவர். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நீங்க பண்ணது சரியா?"

"சரி சார்."

"அப்ப மறுபடி யாராவது இதையே பண்ணலாமா?"

"பண்ண வேண்டும் சார். திருப்பிச் சொல்ல மறுத்தால், மறுத்தவரை மீறி யாரும் ஊற்றக் கூடாது. முதலாளியே ஆனாலும்."

அவர் மேடத்தைப் பார்த்தார். "சரி, ரூலா எழுதி மாட்டிடுங்க. இனிமே யார் கவுத்தாலும் கம்பெனி கணக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா நீங்க கவுத்தப்ப அந்த ரூல் இல்லையே சார். இந்த ஒரு வாட்டி உங்க கணக்கு."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தடுத்துவிட்டேன். பேரம் எனக்குக் கட்டுப்படியாகும் என்று பட்டது.

அந்த அறிவிப்பு, பண்ணை நடந்தவரை, குளோரின் கொட்டகைக் கதவில் இருந்தது. நான் ஓய்வுபெறும்வரை இரண்டு பேர் திருப்பிச் சொல்ல மறுத்தார்கள். இரண்டு முறையும் வேலை நின்றது, இரண்டு முறையும் பிடித்தம் இல்லை. ஒருமுறை மறுத்தது கன்னியம்மாள். மறுக்கப்பட்டவன் நான். கையில் எடுத்திருந்தது சரியான கேன்தான், ஆனாலும் அந்தம்மா கேன் மூடியின் முத்திரையைப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். பார்க்கும்வரை நின்றேன்.

பத்து மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அழிந்த லெட்டூஸ் செடிகள் ஆயிரத்து நூறு, செடி நான்கு ரூபாய் வீதம், நாலாயிரத்து நானூறு. குளோரின் முப்பத்தைந்து லிட்டர், ஆறு ரூபாய் வீதம், இருநூற்றுப் பத்து. அது போக, முழங்கால்வரை வெளுத்துப்போன பேண்டுக்குப் பதில் நானே வாங்கிய புதுப் பேண்ட், நூற்று எழுபத்தைந்து. மொத்தம் நாலாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து ரூபாய்.